படத்துக்கு முன்னால் போகும் மாதங்கள்

மூட்டு வலியா, சீக்கிரம் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஜொகூர் பாருவில் காசும் காப்புறுதியும் உள்ளவருக்கு அது சுலபம். ஆனால் முடக்கு வாதத்தை முன்கூட்டியே பிடிக்க அதுவே வழி என்போர் கணக்கைப் பாதியில் தொடங்குகிறார்கள்.

படத்தின் பலத்தை மறுக்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரியும்போது சேதம் நடந்திருக்கும். டாப்ளர் அல்ட்ராசவுண்ட் மூட்டுச் சவ்வின் அழற்சியை அதற்கு முன்பே காட்டும். எம்ஆர்ஐ எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதையும் காட்டும். வீக்கம் உண்டா என்று மருத்துவரின் விரல் சந்தேகப்படும் இடத்தில் இவை கைகொடுக்கும்.

ஆனால் அந்த விரல் தொடுவதற்கே எத்தனை மாதம் ஆகிறது? என் ஆட்சேபம் இதுதான். குளுவாங் பக்கத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் பிடிக்கிறது. வாயு என்று கோடாலித் தைலம் தேய்ப்பார். பிறகு வலி மாத்திரை. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே விரல்களின் அடி மூட்டுகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்து, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டு, ஆர்எஃப், ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, நிபுணரிடம் அனுப்ப எந்த ஸ்கேனும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் அமெரிக்க-ஐரோப்பிய அளவுகோலே பாதிக்கப்பட்ட மூட்டுகள், ரத்தம், 6 வாரக் கால அளவு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண் தருகிறது. 10க்கு 6 போதும்.

துணித் தூசியில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று மலேசியாவின் மைஐரா ஆய்வு சொன்னது. பத்து பகாட்டில் துணி ஆலைகள் உண்டு. அங்கே வேலை முடிந்து வரும் பெண்களிடம் விரல் விறைப்பைப் பற்றிக் கேட்பவர் யார்?

கேட்காமல் எடுக்கும் படம் வேறு வகையில் கெடுக்கும். நெதர்லாந்தின் லெய்டனில் மூட்டுத் தொல்லையே இல்லாத 193 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 72 விழுக்காட்டினரிடம் எங்காவது ஒரு மூட்டில் அழற்சியின் அடையாளம் தெரிந்தது. வயது ஏற ஏற அது கூடியது. யாரிடம் எதற்காகத் தேடுகிறோம் என்ற தெளிவில்லாத ஸ்கேன், நோயில்லாதவரையும் நோயாளியாக்கி வீட்டுக்கு அனுப்பும்.

புதிய கருவிக்கு ரிப்பன் வெட்டுவது எளிது. கிளினிக் மருத்துவருக்கும் தாதிக்கும் மூட்டை அழுத்திப் பார்க்கவும் காலை விறைப்பைப் பற்றிக் கேட்கவும் பழக்குவதற்கு விழா எடுக்க முடியாது. ஆனாலும் ஜொகூரில் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் காலத்தைக் குறைக்காத வரையில், ஸ்கேன் என்பது தாமதத்துக்குச் சாட்சி சொல்லும் கருவி, அவ்வளவே.