அடித்தளத்துக்கு எந்த மொழி?

இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஒரு ஸ்கிரிப்ட் மொழியைச் சேர்ப்பது எளிது. வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இதைப் பெர்ல் மொழியிடம் பட்டு அறிந்தது. அதன் 4-ஆம் வரிசையில் அடித்தளத்தோடு வந்தது பெர்ல் 5.005. 2000-ஆம் ஆண்டிலேயே 5.6 வெளிவந்துவிட்டது. பயனர்கள் புதியதைக் கேட்டார்கள். அடித்தளக் கருவிகளோ பழையதை நம்பியிருந்தன. 2002-இல் பெர்லை நீக்க முடிவெடுத்து, அதில் எழுதியிருந்த கருவிகளை ஷெல்லிலும் சி மொழியிலும் திருப்பி எழுதினார்கள். 2003 ஜனவரியில் 5.0 வெளியானபோது அடித்தளத்தில் பெர்ல் இல்லை.

பெர்ல் தோற்ற இடத்தில் ஷெல் நிலைத்ததற்குக் காரணம் அதன் அழகு அல்ல, அசையாமை. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்த போர்ன் ஷெல்லின் இலக்கணம், 1989-இல் கென்னத் ஆல்ம்க்விஸ்ட் எழுதிய ஷெல் வழியாக ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்து இன்றும் வேலை செய்கிறது. அதே ஷெல்லின் இன்னொரு கிளைதான் டேஷ். லினக்ஸ் வகைகளான உபுண்டு 2006-இலும் டெபியன் 2011-இலும் பேஷ் ஷெல்லை விலக்கி டேஷை ஸ்கிரிப்டுகளுக்கான இயல்பு ஷெல்லாக்கின. கணினி எழும்போது ஓடும் எண்ணற்ற சிறு ஸ்கிரிப்டுகள் அதனால் வேகமடைந்தன. பேஷுக்கே உரிய நீட்டிப்புகளை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் உடைந்தன என்பது உண்மை. ஆனால் 2014 செப்டம்பரில் பேஷில் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இயல்பு ஷெல்லாகப் பேஷை வைத்திருந்த அமைப்புகளே கூடுதலாக அடிபட்டன. வசதிகள் குறைந்த ஷெல்லைத் தேர்ந்தது பாதுகாப்பாகவும் முடிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஷெல்லைப் பெரிய நிரல்களுக்கான மொழியாக என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு எல்லாமே எழுத்துச் சரம். கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி இருந்து, மாறியைச் சுற்றி மேற்கோள் குறி விட்டுப்போனால் ஒரு பெயர் இரண்டாகும். மாறி வெறுமையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் செயலியின் ஸ்கிரிப்டில் நடந்தது அதுதான்: தன் கோப்புறையை அழிக்கும் கட்டளையில் கோப்புறையின் பெயர் காலியாகிவிட, பயனரின் கோப்புகளெல்லாம் அழிந்தன. எழுதியவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. வெறுமையான பெயரைத் தடுத்து நிறுத்துவதை மொழி தன் இயல்பாகக் கொள்ளவில்லை. குழாய் இணைப்பில் முதல் கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளையின் விடையைத்தான் ஷெல் இயல்பாகப் பார்க்கும்; அதை மாற்றும் வழி போசிக்ஸ் தரத்தில் இடம்பெற 2024 வரை ஆனது. செயற்கூறுக்குள் மட்டும் வாழும் மாறிக்கு அந்தத் தரத்தில் இன்னும் இடமில்லை.

இந்தக் குறையை நிரப்ப ஃப்ரீபிஎஸ்டியிடம் லுவா மொழி இருக்கிறது; அது முதலில் வந்தது பூட் லோடருக்காக. 2018 டிசம்பரில் வந்த 12.0-இல், சிலருக்கே புரிந்த ஃபோர்த் மொழியை விலக்கி அங்கே லுவா அமர்ந்தது. பிறகு அடித்தளக் கருவிகளுக்கென்றே ஃப்லுவா என்ற லுவா வடிவம் வந்தது. அதைப் பயனரின் வழக்கமான தேடுபாதைக்கு வெளியே வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் பெர்ல் தந்த பாடம் முழுமையாக இருக்கிறது. லுவாவின் 5.1, 5.2, 5.3 பதிப்புகள் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாதவை. வெளியார் யாரும் நம்பியிராதபோது திட்டம் தன் வசதிப்படி பதிப்பை உயர்த்தலாம். சிறிய மொழி, பிஎஸ்டிக்கு ஒத்துப்போகும் உரிமம். கோப்புறையைப் பட்டியலிடக்கூடத் துணை நூலகம் வேண்டும் என்பது குறைதான். அதையும் ஃப்லுவாவோடு சேர்த்தே தருகிறார்கள்.

என் வருத்தம் இந்த மாற்றத்தின் வேகத்தைப் பற்றியது. இயங்குதளத்தையே புதுப்பிக்கும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கருவி மூவாயிரம் வரிகளுக்கு மேல் ஷெல்லில் வளர்ந்தது. கோப்புப் பட்டியல்களை ஒப்பிட்டு, கையொப்பம் சரிபார்த்து, பழையதை மீட்கும் நிரல் அது. தரவைக் கட்டமைப்போடு வைத்துக்கொள்ளத் தெரிந்த மொழி பக்கத்திலேயே இருக்கும்போது, முதலில் இடம் மாற்ற வேண்டியவை இத்தகைய நிரல்கள்தாம். இரண்டு கட்டளைகளைக் கோத்து ஒரு சேவையைத் தொடங்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஷெல்லிலேயே இருக்கட்டும்.