பின்னல் கோலாட்டம்

ஆண்டு விழா நெருங்கினால் பள்ளி மைதானத்திலிருந்து மதியம் ஒரு சத்தம் கிளம்பும். டக், டக், சடசட, டக். கோலாட்டப் பயிற்சி. முதல் சில நாள் கோல் விரல் மேல்தான் விழும். அதனால் விவரமான டீச்சர் கோலை உடனே கொடுப்பதில்லை. கைதட்டியபடி வட்டத்தில் நடக்க விடுவார். கால் தாளத்தில் நின்ற பிறகுதான் கோல். எதிரில் இருப்பவளின் கோலை ஓங்கி அடிக்கக் கூடாது, தட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கணீர் பிறக்கும்.

பின்னல் கோலாட்டம் இன்னும் ருசி. மேலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒருத்தியை உள்ளாக, அடுத்தவளை வெளியாகக் கடந்து ஆட ஆட, உச்சியிலிருந்து சடை இறங்கி வரும். அண்ணாந்து பார்க்கத் துடிக்கும் கழுத்துகளை அடக்குவதுதான் பெரும்பாடு. பிறகு வந்த வழியே திரும்பி ஆடினால் பின்னல் அவிழ வேண்டும். யாராவது தப்பாகக் கடந்திருந்தால் இப்போதுதான் குட்டு வெளிப்படும். டீச்சர் ஸ்டூலில் ஏறிச் சிக்கை எடுத்துவிட்டு, “மறுபடியும் முதல்லேருந்து” என்பார். பிள்ளைகளுக்கு அதில் வருத்தமே கிடையாது. கணக்குப் பீரியட் போய்விடுமே!