சுவரிடித்தவர் வழக்கு

அமெரிக்காவின் அஸோஸியேட்டட் பிரஸ் ஸ்தாபனத்தின் நிர்வாகத் தலைவராயிருந்த கெண்ட் கூப்பர், 1942-ல் வெளியிட்ட ‘பேரியர்ஸ் டவுன்’ என்னும் ஆங்கில நூல், செய்தி வியாபாரத்தின் சரித்திரத்தை வழக்குரை போல் எடுத்துரைப்பது. பிரிட்டனின் ராய்ட்டர், பிரான்ஸின் ஹவாஸ், ஜெர்மனியின் உல்ஃப் ஆகிய மூன்றும் 1870-ல் உலகைப் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ராய்ட்டரின் பங்காயிற்று. ஆதலின் அமெரிக்காவைப் பற்றி உலகம் அந்நியர் வாய்மொழியாலேயே அறிய நேர்ந்தது என்பது கூப்பரின் மனக்குறை.

நியாயமான குறையே. (இவருடைய ஸ்தாபனமும் அவ்வேற்பாட்டில் பல்லாண்டு இளைய பங்காளியாயிருந்தது வேறு விஷயம்.) ஆயின், அக்குறை அமெரிக்கருக்கு மட்டுமா உரியது? மலாயாவில் பால்மரம் சீவியவனைப் பற்றி உலகுக்குச் சொன்னவனும் அவனல்லனே!

1934-ல் அப்பங்கீடு முறிந்தது. சுவர் இடிந்தது மெய். ஆனால், இன்று செய்தி செல்லும் பாதையோ அமெரிக்கக் கம்பெனிகள் சிலவற்றின் கையில் இருக்கிறது. செய்திக்காகப் பத்திரிகைகளுக்குப் பணம் செலுத்தவேண்டுமென்று 2023-ல் கனடா சட்டமியற்றியது. உடனே, ஃபேஸ்புக்கின் உடைமையாளரான மெட்டா, தன் தளங்களில் அந்நாட்டினர்க்குச் செய்தியையே மறைத்துவிட்டது. காட்டுத்தீக்கு அஞ்சி யெல்லோநைஃப் நகரத்தார் வெளியேறிய ஆகஸ்டு மாதத்திலும் அது மனமிரங்கவில்லை. ராய்ட்டராவது காசு வாங்கிக்கொண்டு செய்தியைக் கொடுத்தது.

கூப்பரின் நூலுக்கு இரண்டாம் பாகம் வேண்டும். அதில் பிரதிவாதிகள் அவர் நாட்டவராகவே இருப்பர்.