ஆடுபவளின் கணக்கு

மேடையில் ஆடும் பெண்ணைப் பற்றி நம் கதைகளும் திரைப்படங்களும் ஏராளமாகப் பேசியிருக்கின்றன. அவள் வழி தவறிய விதத்தைப் பேசியிருக்கின்றன. அவளைக் கைதூக்கிவிட வரும் நல்லவனைப் பேசியிருக்கின்றன. கடைசிக் காட்சியில் நாயகனுக்காகக் குண்டடிபட்டு அவள் சாகும் அழகையும் பேசியிருக்கின்றன. அவளுடைய ஊதியத்தைப் பற்றிப் பேசியவை மிகச் சில. ஓரிடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருத்தி, அடுத்த தெருவில் புதிதாகத் திறக்கவிருக்கும் கிளப்புக்குப் போகலாமா, இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாமா என்று உறக்கமின்றிக் கணக்குப் போடுவதை நாம் எந்தப் படத்தில் கண்டோம்?

எர்ணாவூரில் வாழும் நமக்கு இத்தகைய கணக்குகள் புதியன அல்ல. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரைப் பகுதியில் ஒப்பந்த வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. இந்த மேஸ்திரியை விட்டு அந்த மேஸ்திரியிடம் போனால் நாள் கூலி கூடுமா, புது இடத்தில் வேலை நிலைக்குமா, வாங்கிய முன்பணத்தை எப்படி அடைப்பது, இரவு வேலை முடிந்து கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் எப்படி வீடு திரும்புவது என்று பெண்கள் பேசிக்கொள்வதை எந்தத் தெருக்குழாயடியிலும் கேட்கலாம். அவர்களை விவரமானவர்கள் என்கிறோம். இதே கணக்கை ஓர் ஆட்டக்காரி போட்டால் மட்டும் நம் காது வேறு விதமாகக் கேட்கிறது. திருவிழா இரவில் மேடை நடனத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும் நம்மில் எத்தனை பேர், மறுநாள் அந்தப் பெண்ணுக்கு வாடகைக்கு ஒரு வீடு கொடுப்போம்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, மும்பையின் டான்ஸ் பார்களைப் பற்றிய இரு படைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, மதுர் பண்டார்கர் இயக்கி 2001இல் வெளிவந்த ‘சாந்தினி பார்’ என்னும் இந்தித் திரைப்படம். மற்றொன்று, சோனியா ஃபலேரோ ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளிவந்த ‘பியூட்டிஃபுல் திங்’ என்னும் நூல்.

‘சாந்தினி பார்’ நேர்மையான படம். நான்கு தேசிய விருதுகள் பெற்றது. தபுவின் நடிப்புக்குக் கிடைத்த விருது அவற்றுள் ஒன்று. கலவரத்தில் பெற்றோரை இழந்து மாமனுடன் மும்பைக்கு வரும் மும்தாஜ், அவனாலேயே மதுக்கூட மேடையில் ஏற்றப்படுகிறாள், அவனாலேயே சீரழிக்கப்படுகிறாள். ரவுடி ஒருவனை மணந்து மேடையை விட்டு இறங்குகிறாள். அவன் காவலர் குண்டுக்கு இரையானதும் அதே மதுக்கூடத்துக்கு மது பரிமாறுபவளாகத் திரும்புகிறாள். பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய மகனை மீட்கப் பணம் தேவைப்படும்போது மகளும் ஆடப் போகிறாள். தபு அதிகம் பேசுவதில்லை. கண்களைத் தாழ்த்தி நிற்பதிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்.

ஆயினும் படத்தைப் பார்த்து முடிக்கையில் ஒரு குறை உறுத்துகிறது. மும்தாஜ் எதையும் தானாகத் தீர்மானிப்பதே இல்லை. மாமன், கணவன், காவலர், விதி என்று ஒவ்வொருவராக அவளை மேடையில் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், மீண்டும் ஏற்றுகிறார்கள். அவள் அழுகிறாள், நாமும் அழுகிறோம். அழுதபின் திரையரங்கை விட்டு வெளியே வரும்போது ஒருவிதத் தூய்மை உணர்வு நமக்கு உண்டாகிறது. அது சந்தேகத்துக்குரிய உணர்வு என்றே நினைக்கிறோம். தீர்மானிக்கும் பெண்ணைவிடத் தீர்மானிக்க இயலாத பெண்ணிடம் இரங்குவது நமக்கு எளிது.

இங்கே கிறிஸ்தவர்களாகிய நமக்கு மட்டும் உறைக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடலாம். நம் திரைப்படங்களில் கிளப்பில் ஆடுபவளுக்குப் பெரும்பாலும் நம் வீட்டுப் பெயரே சூட்டப்பட்டது. இந்தியில் ஹெலன் ஏற்ற பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘கும்நாம்’ (1965) படத்தில் கிட்டி, ‘தீஸ்ரி மன்ஸில்’ (1966) படத்தில் ரூபி, ‘காரவான்’ (1971) படத்தில் மோனிகா. குடிப்பவளும் ஆடுபவளும் அந்நியள், அந்நியள் என்றால் கிறிஸ்தவள் என்று ஒரு சுருக்கு வழியைத் திரையுலகம் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஹெலனின் சொந்தக் கதையோ வேறு. இரங்கூனில் பிறந்தவர், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து குடும்பத்தோடு நடந்தே இந்தியா வந்தவர். தாதியாக வேலை பார்த்த தாயின் ஊதியம் போதாமையால் படிப்பை விட்டு, 1951 வாக்கில் குழு நடனத்தில் சேர்ந்தார். தமிழில் ‘உத்தம புத்திரன்’ (1958) படத்திலும் ஆடினார். 2009இல் பத்மஸ்ரீ பெற்றார். பர்மாவிலிருந்து நடந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் வடசென்னையில் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களுடைய பாட்டிமார் கதையும் இதுவே. ஜெர்ரி பின்டோ 2006இல் ஹெலனைப் பற்றி எழுதிய நூல் தேசிய விருது பெற்றது; திரையில் தோன்றிய கிட்டிகளையும் ரூபிகளையும் தாண்டி இந்த உழைப்பாளியை அறிய விரும்புவோர் அதைப் படிக்கலாம்.

இனி ஃபலேரோவின் நூலுக்கு வருவோம். இது புனைகதை அன்று. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பையின் புறநகராகிய மீரா ரோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை அறிமுகம் செய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் அவளோடு பழகி எழுதியது. நூலில் அவள் பெயர் லீலா. வயது பத்தொன்பது. பெற்ற தந்தையே சிறுவயதில் அவளை உள்ளூர்க் காவலர்களுக்கு விற்றான். தப்பி மும்பை வந்தாள். இந்த அளவுக்கு மும்தாஜின் கதையை ஒத்திருக்கிறது. வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. லீலா தன்னை இரங்கத்தக்கவளாகக் கருதுவதில்லை. தன் தொழிலில் மேல்படி எது, கீழ்ப்படி எது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். தெருவில் நிற்பவளும் விடுதியில் அடைபட்டவளும் கீழே. டான்ஸ் பாரில் ஆடும் தான் மேலே. வாடிக்கையாளனை நெருங்கவும் விடாமல், விலகவும் விடாமல் வைத்திருக்கும் வித்தை தன் கையில் இருப்பதாக அவள் நம்புகிறாள். வீட்டு வாடகையைத் தானே கொடுக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வரும் பெருமிதத்தை ஆசிரியர் தவறவிடவில்லை.

நூலின் முதற்பாதியை நாம் மிக உயர்வாக மதிப்பது இதற்காகவே. ஆட்டக்காரியின் வேலை எப்படி நடக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்கிறோம். அவளுக்கு நிலையான சம்பளம் கிடையாது. வாடிக்கையாளர் வீசும் நோட்டுகளே வருமானம். அதில் முதலாளிக்கும் பங்கு. ஆகவே இடம் மாறுவது என்பது கூலி மாறுவது மட்டும் அன்று. அவளைத் தேடி வருபவர்கள் புது இடத்துக்கும் வருவார்களா? வராவிட்டால் முதல் மாதம் முழுவதும் பட்டினிதான். காவல்துறையைச் சரிக்கட்டும் சாமர்த்தியம் புது முதலாளிக்கு உண்டா? இல்லையென்றால் முதல் சோதனையில் பிடிபடுபவள் அவளே. விருப்பமில்லாத வாடிக்கையாளனை மறுத்தால் இப்போதைய முதலாளி கண்டுகொள்ளாமல் இருக்கிறான், புதியவன்? புதிதாகத் திறக்கும் இடம் முன்பணம் தந்து அழைக்கும். முன்பணம் வாங்கியவள் மறுபடி வெளியேறுவது எளிதன்று என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஃபலேரோவிடம் நாம் காணும் குறையையும் சொல்ல வேண்டும். லீலாவின் வாய்த்துடுக்கில் ஆசிரியர் சில இடங்களில் மயங்கிவிடுகிறார். அவளுடைய கேலிப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டும் வாசகன், சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்துவிடுகிறான். கணக்கு வழக்கைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம். உடைக்கும் ஒப்பனைக்கும் எவ்வளவு போயிற்று, தாய்க்கு எவ்வளவு போயிற்று, கையில் என்ன நின்றது என்ற விவரங்கள் சிதறிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றாகச் சேரவில்லை.

நூலின் நடுவே அரசு நுழைகிறது. 2005இல் மகாராட்டிர அரசு பம்பாய்க் காவல் சட்டத்தைத் திருத்தி டான்ஸ் பார்களைத் தடை செய்தது. பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்டது. ஆனால் மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்குத் தடையிலிருந்து விலக்கு! பணக்காரர் முன் ஆடினால் மானம் போகாது போலும். வேலை இழந்த பெண்கள் 75,000 பேர் என்று அவர்கள் தரப்பில் நீதிமன்றங்களில் எடுத்துரைக்கப்பட்டது. 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கியது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தடையால் வேலை இழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை அத்தீர்ப்பே சுட்டிக்காட்டியது.

ஆனால் லீலாவுக்கு அந்தத் தீர்ப்புகள் உதவும் நிலை இல்லை. நூலின் பிற்பாதியில் அவளுடைய படிக்கட்டு ஒவ்வொரு படியாகச் சரிகிறது. எதைத் தான் கீழ்ப்படி என்று சொல்லிவந்தாளோ அதை நோக்கி அவளே இறங்குகிறாள். கடைசியில் அவள் முன் வந்து நிற்பது துபாய். அங்கே புதிய மேடை, புதிய வருமானம் என்று ஆசை காட்டுகிறார்கள். முதற்பாதியில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்ட பெண், இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் கணக்கே போடுவதில்லை. கனவு காண்கிறாள். நம்மை மிகவும் கலங்கச் செய்த இடம் அதுவே. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடங்கள் இருந்தவரை அவள் கணக்குப் பார்த்தாள். ஒரே ஒரு கதவு மீந்தபோது அதைச் சொர்க்க வாசல் என்று நம்பத் தொடங்கிவிட்டாள்.

துபாய்க் கதவு தமிழகத்துக்கும் தொலைவில் இல்லை. நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை என்று நம்பிக் கோயம்புத்தூரிலிருந்து சென்ற நான்கு பெண்கள், அங்கே மதுக்கூடத்தில் ஆடக் கட்டாயப்படுத்தப்பட்டு, 2019இல் மீட்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். அவர்களுள் ஒருவர் வீட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியே மீட்புக்கு வழி திறந்தது.

இந்த நூலைப் படிக்கையில் நமக்கு மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஆடிய பெண்ணை ஓவியர்களும் நாடக ஆசிரியர்களும் மயக்குக்காரியாகத் தீட்டிவிட்டார்கள். சலோமி என்ற பெயர்கூட நற்செய்தியில் இல்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தந்தது. மாற்கு அவளைச் சுட்டும் கிரேக்கச் சொல், முந்தைய அதிகாரத்தில் இறந்து கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை, யாயிரின் மகளைச் சுட்டும் அதே சொல். அரசில் பாதிவரை தருவதாக மன்னன் சபையில் ஆணையிடுகிறான். அந்தச் சிறுமி என்ன செய்கிறாள்? என்ன கேட்பது என்று தெரியாமல் தாயிடம் ஓடுகிறாள். ஆடியவள் அவள்; கணக்கு ஏரோதியாவுடையது. திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் ஏந்திச் சென்ற அந்தக் கைகளின் வயதை நம் மறையுரைகளில் கேட்டதாக நினைவில்லை.

2016இல் மகாராட்டிரம் மீண்டும் ஒரு சட்டம் இயற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதன் விதிகளுள் பலவற்றை நீக்கியது. வழிபாட்டிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு கிலோமீட்டர் தொலைவு என்ற விதி போயிற்று. கண்காணிப்புக் கேமரா கட்டாயம் போயிற்று. நோட்டுகளை வாரி இறைக்கக் கூடாது என்பது நிலைத்தது. அன்பளிப்பு தரலாம் என்றது நீதிமன்றம். நம் பொருளுக்கு நெருங்கிய பகுதி ஒன்று அதில் உண்டு. ஆடும் பெண்ணுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், ஊதியம் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்ற விதிகளை நீதிமன்றம் ஏற்றது. அது மாதச் சம்பளமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்கவில்லை. மாதச் சம்பளம் பாதுகாப்பு என்றே நாம் எண்ணிப் பழகியவர்கள். ஓரிடத்தோடு கட்டுண்டு கிடக்காமல் வெவ்வேறு மேடைகளில் ஆடிப் பிழைப்பவளுக்கு அதுவே கால்விலங்காகவும் ஆகலாம் என்பதை ஃபலேரோவின் நூலைப் படித்தவர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

நூலில் வசைச்சொற்கள் நிறைய; உடல் சார்ந்த கொடுமைகளும் மறைக்கப்படவில்லை. பங்குகளின் வாசகர் வட்டங்களில் இளையோரோடு இதைப் படிக்க விரும்புவோர் தாம் முன்னதாக ஒருமுறை படித்துக்கொள்வது நன்று. தமிழில் பெயர்க்க முன்வருபவருக்கு ஒரு வேண்டுகோள்: லீலாவின் பம்பாய்ப் பேச்சை ஏட்டுத் தமிழில் இறக்கிவிட வேண்டாம். காசிமேட்டு மீன் சந்தையில் விடியற்காலையில் விலை பேசும் பெண்களின் தமிழ் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.