துயரின் பின்விளைவும் ஆய்வு நல்கையும்

ஸ்கூடாயிலிருந்து தென்மேற்கே கேலாங் பாத்தாவைக் கடந்து சென்றால் தஞ்சோங் கூப்பாங் வரும். 4-12-1977 அன்று இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமான நிறுவனத்தின் 653ஆம் விமானம் கடத்தப்பட்டுச் சிங்கப்பூர் நோக்கித் திருப்பப்பட்டது. இவ்வூர்ப் பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. பயணிகள் 93 பேரும் பணியாளர் எழுவரும் மாண்டனர். அடையாளம் காண இயலாத உடற்பகுதிகள் ஜொகூர் பாரு கெபுன் தே சாலையருகே ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. கடத்தியவர் யார், நோக்கம் யாது என்பன இன்றளவும் நிறுவப்படவில்லை.

விமான விசாரணை, விமானம் வீழ்ந்தது எப்படி என்று கேட்கும். அதன் கடமை அத்துடன் முடியும். சமூக அறிவியலின் கேள்விகளோ அவ்விடத்தில்தான் தொடங்குகின்றன. உடலே கிடைக்காத வீட்டில் கருமாதி எவ்வாறு நடந்தது? உழைத்துச் சோறிட்டவர் போனபின் பிள்ளைகளின் படிப்பு என்னாயிற்று? ஓடிச்சென்று கண்ட கம்பத்து மக்கள் அக்காட்சியை எவரிடம் சொல்லி ஆறினர்? இவற்றைக் கேட்க ஆள் வேண்டும், காலம் வேண்டும், பணமும் வேண்டும்.

பிற நாடுகள் அப்பணத்தைத் தந்த முறை கருதத்தக்கது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டே நாளில், சிகாகோவின் தேசியக் கருத்தாய்வு மையம் மக்களின் மனநிலையை அளக்கத் தொடங்கியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி உதவியது. 1963இல் அதிபர் கென்னடி கொலையுண்டபோது அம்மையமே கேட்ட வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டதால் இரு துயரங்களை ஒப்பிட முடிந்தது. பழைய வினாத்தாளைப் பேணி வைத்ததன் பயன் அது.

பிரான்சு வேறுவழி சென்றது. 13-11-2015 அன்று பாரிசில் 130 பேர் கொல்லப்பட்ட சில நாள்களிலேயே, அந்நாட்டின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் ஆய்வாளருக்கு அழைப்பு விடுத்தது. வரலாற்றறிஞர் தெனி பெஷான்ஸ்கியும் நரம்பு உளவியலாளர் பிரான்சிஸ் எசுதாசும் ஓராயிரம் பேரின் நினைவுகளைப் பதியும் திட்டத்தை வகுத்தனர். தப்பியோர், அக்கம்பக்கத்தார், நகரின் பிறபகுதியினர், தொலைவூரார் என நான்கு வட்டங்கள். அவர்களையே ஆண்டுகள் கழித்து மீண்டும் மீண்டும் சந்திப்பது அதன் சிறப்பு. விரைவான நல்கையினும் இந்நீண்ட நல்கையே மேலானது எனல் வேண்டும்; முதல் வாரத்தில் மனிதர் சொல்வது வேறு, பத்தாம் ஆண்டில் சொல்வது வேறு.

எனினும் பணம் தருவோர் வினாவையும் தந்துவிடுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் போரின் உளவடுக்களை ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதனின் நோயாக மட்டும் அளக்கும் மேலைநாட்டு அளவுகோல் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைகின்றன என எடுத்துரைத்தார். நெடும்போர் வேறு, ஒருநாள் கொடுமை வேறுதான். ஆயினும் அவர் கருத்து இங்கும் பொருந்தும். படிவத்தில் இல்லாத கட்டத்திற்கு விடை வராது என்பது பள்ளிப் படிவங்களோடு போராடுவோர் அறிந்ததே! தமிழ்த்தாய் ஒருத்தியிடம் ஆங்கில வினாத்தாளை மொழிபெயர்த்து நீட்டினால், 'தூக்கம் வருகிறதா?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். திதி கொடுக்க நாள் பார்க்கவும் மனம் வராத வேதனை அதில் ஏறாது.

மலேசியாவில் பயங்கரவாத எதிர்ப்புக்கெனத் தென்கிழக்காசிய வட்டார மையம் 2003இலேயே அமைந்தது; அது தேவையே. 17-5-2024 அன்று ஜொகூரின் உலு திராம் காவல் நிலையத்தில் காவலர் இருவர் கொல்லப்பட்டபோதும், தாக்கியவன் எவ்வியக்கத்தான் என்பதே முதற்பேச்சாயிற்று. மாண்டவர் வீட்டில் மறுமாதம் நடந்ததை ஆராய்வதற்கும் அதே ஊக்கத்துடன் நிதி ஒதுக்கலாகாதா? உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நல்கை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே உரியது. துயரோ அக்கணக்கில் அடங்குவதில்லை.

ஸ்கூடாயில் பொறியியலால் பெயர்பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்குச் சமூக அறிவியலுக்கும் புலமுண்டு. தஞ்சோங் கூப்பாங்கிற்கு அங்கிருந்து வண்டியில் சிறிது நேரமே. 1977இல் முப்பது வயதில் அக்காட்சியைக் கண்டவர் எண்பதை நெருங்குகிறார்; பத்து வயதில் தந்தையை இழந்தவர் அறுபதை நெருங்குகிறார்.