புதுக்கோட்டைக் கஞ்சிரா

கர்நாடக இசை மேடையில் ஏறும் தோற்கருவிகளில் மிகச் சிறியது கஞ்சிரா. ஏறக்குறைய ஒரு சாண் குறுக்களவுள்ள பலா மரச் சட்டம், அதன் ஒரு பக்கத்தில் இழுத்து ஒட்டிய உடும்புத் தோல், சட்டத்தின் ஒற்றைப் பிளவில் கோத்த சில உலோகச் சில்லுகள். இவ்வளவுதான் கருவி. இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கை ஒன்றாலேயே எல்லாத் தாளச் சொற்களையும் எடுக்க வேண்டும். பஜனையில் தாளம் தட்டுவதற்கு உதவிய கருவியைத் திருத்தி, மிருதங்கத்துடன் சமமாக உட்காரும் தகுதிக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922). கருவியோடு ஒரு சிந்தனை முறையையும் அவர் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் அவருடைய பெயர் ஒரு பாணியின் பெயராக நிலைத்தது.

கஞ்சிராவின் நாதத்தை ரசிக்க அதன் இயற்பியலைச் சற்றே அறிவது நல்லது. வட்டமான ஒரு தோலைத் தட்டினால், அடிப்படை ஒலியுடன் எழும் மேற்சுரங்கள் அதன் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே சாதாரணப் பறை, சுருதியில் சேராமல் ஓசையாகவே நின்றுவிடும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) நடுவில் இடும் கருமையான பூச்சு, மேற்சுரங்களை இசைவான மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதை இயற்பியலாளர் சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும், 1934இல் இந்தியத் தாளக் கருவிகள் பற்றி எழுதிய கட்டுரையிலும் விளக்கினார். கஞ்சிராவில் அந்தப் பூச்சு கிடையாது. கலைஞர் தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவுகிறார். ஈரம் ஏறிய தோல் தளர்கிறது, கனம் கூடுகிறது. ஒலி கீழே இறங்கிக் கனத்த முழக்கமாகிறது. சட்டத்தைப் பிடித்த இடக்கை விரல்கள் தோலின் ஓரத்தை அழுத்தினால் இழுவிசை கூடி ஒலி மேலே வழுக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பிறக்கும் கும்கி என்ற வழுக்கொலியை ஒற்றைத் தோலில் வரவழைக்கும் நுட்பம் இது. நேரம் ஆக ஆகத் தோல் காய்ந்து ஒலி ஏறிக்கொண்டே போகும். எந்த அளவு ஈரத்தில் எந்தச் சொல் நன்றாகப் பேசும் என்று அறிவது கஞ்சிரா வித்துவானின் முதல் பாடம்.

மான்பூண்டியா பிள்ளைக்கு லயப் பயிற்சி கிடைத்தது மாரியப்பர் என்ற தவில் வித்துவானிடம். தவிலில் ஊறிய கணக்கு வழக்குகள் அப்படித்தான் கஞ்சிராவுக்கு வந்தன. வேகமான சொற்கட்டு, சிக்கலான கோர்வை (முத்தாய்ப்பாக வரும் சொற்கோப்பு), நடை மாறினாலும் அசையாத காலப்பிரமாணம் (வேக அளவு) ஆகியவை புதுக்கோட்டைப் பாணியின் அடையாளங்கள். தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என்று மிருதங்க வாசிப்பை இரண்டாகப் பிரித்துப் பேசும் வழக்கமே இதிலிருந்து வளர்ந்தது.

அந்தக் கணக்கின் அழகை ஓர் எளிய கோர்வையில் காணலாம். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு 4 மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) 32, இரண்டுக்கு 64. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரைச் சொல். அதை மூன்று முறை வாசித்தால் 15. இடையில் ஒரு கார்வை (ஒரு மாத்திரை இடைவெளி) விட்டு 6ஆக விரித்து மூன்று முறை வாசித்தால் 18. இரண்டு கார்வை விட்டு 7ஆக விரித்தால் 21. மொத்தம் 54. மிச்சமுள்ள 10 மாத்திரைக்குத் தொடக்கத்தில் ஒரு சொற்கட்டு அமைத்தால், கோர்வை முடிந்து கை சரியாகச் சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கத்தில்) இறங்கும். சொல் விரிய விரியத் தாளம் தள்ளிப்போவது போலக் கேட்பவருக்குத் தோன்றும். முடிவில் எல்லாம் கூடிவரும்போது எழும் மகிழ்ச்சிதான் தனி ஆவர்த்தனத்தின் ரசனை. கூட்டல் சரியாக இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழ வேண்டும், பாட்டின் போக்கு கெடக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துக் கற்பித்ததில் மான்பூண்டியா பிள்ளையின் ஆசிரியத்துவம் இருக்கிறது.

ஆசானுக்கு மாணவர் செலுத்தும் மரியாதைக்கு முதல் உதாரணம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் தேர்ந்த அவர், குருவின் கருவியைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றார். பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளில், பல தாளக் கருவிகளுக்கு நடுவே அவருடைய கஞ்சிரா ஒலித்தது. தஞ்சாவூர் வழியில் வந்த மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரும் அவருடன் மேடை ஏறியவர், அவரைப் பெரிதும் மதித்தவர்.

மான்பூண்டியா பிள்ளையின் மற்றொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கம் உள்ளவர். அன்றைய மேடை அமைப்பு வலக்கை வாசிப்பை ஒட்டியே இருந்ததால், தொடக்கத்தில் வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விரும்பி அழைத்துப் பக்கம் வாசிக்க வைத்தார். கஞ்சிராவுக்காகப் பிறந்த கணக்கு சுப்பிரமணிய பிள்ளையின் கையில் மிருதங்கத்தின் மொழியாக மாறியது. கணக்கு எவ்வளவு கடினமாக இருந்தாலும் வாசிப்பு சுகமாகவே இருக்கும். தொப்பியின் நாதம் பாட்டுக்குள் கரையும்.

சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றார். வாய்ப்பாடமாக வந்த லயத்தை ஒழுங்குபடுத்தி 1994இல் ஆங்கில நூலாக்கினார். 2011இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. கஞ்சிராக் கலைஞர்களில் ஜி. ஹரிசங்கர் (1958–2002), ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியிடமும் பாலக்காடு மணி ஐயரிடமும் பயின்று, கஞ்சிராவின் வேகத்துக்கும் தெளிவுக்கும் புதிய அளவுகோல் வைத்தார்.

உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிரினம். இன்று வேறு விலங்குத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். தோல் மாறும்போது ஈரத்தின் அளவும் விரல் அழுத்தமும் மாறுகின்றன. கோர்வைகளின் கணக்கு மாறுவதில்லை. தவிலிலிருந்து கஞ்சிராவுக்கும், கஞ்சிராவிலிருந்து மிருதங்கத்துக்கும் வந்த அந்தப் பாடம், புதிய தோலிலும் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் கைக்கு அதே முறையில்தான் போய்ச் சேருகிறது.