புகைக்கு முந்தைய பளபளப்பு

அலாஸ்காவின் காப்பர் ஆறு பார்வைக்கு அழகான ஆறு அல்ல. பனியாறுகள் அரைத்துவிட்ட கல்மாவு கலந்து சாம்பல் நிறத்தில் சுழித்து ஓடும். ஒரு சாண் ஆழத்தில் இருப்பதுகூடத் தெரியாது. மீனுக்கும் தெரியாது, அதனால்தான் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய வளைய வலைக்குள் தானாக வந்து நுழைகிறது. சிட்டினா என்ற ஊர்ப் பக்கம் பாறை விளிம்பில் நின்று வலை பிடிப்பவர்களில் பலர் தங்களைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குளிர்ந்த வேகத்தில் கால் தவறினால் பிழைப்பது கடினம்.

குடும்பத் தலைவருக்கு 25 சால்மன், கூடுதல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 10 என்பது ஆண்டுக் கணக்கு. பிடித்த கையோடு வால் துடுப்பின் இரண்டு நுனிகளையும் கத்தரித்துவிட வேண்டும். நுனியிழந்த வாலைப் பார்த்தாலே சந்தை மீன் இல்லை என்று தெரிந்துவிடும். விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. ஆக, மிஞ்சியதைக் கொடுக்கத்தான் முடியும்! சட்டப் புத்தகத்தில் இப்படியொரு நயம் வாய்ப்பது அபூர்வம்.

கொடுப்பதிலும் தரம் உண்டு. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு சால்மன் இரை எடுப்பதில்லை. முட்டையிடும் இடம் வரை நீந்துவதற்கான கொழுப்பைக் கடலிலேயே சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் கொழுப்பு செழித்துக் கிடப்பது வயிற்றுச் சதையில். வலை ஒருவருடையது, புகைப்பெட்டி இன்னொருவருடையது, கைவேலை எல்லோருடையது என்று கூடி அறுக்கும்போது, அந்த விரல் அகல வயிற்றுத் துண்டை யார் யாருக்கு ஒதுக்குகிறார்கள் என்று கவனியுங்கள். நட்பின் ஆழம் அங்கே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், மீனைப் புகையிடும் கலையின் உச்சம் புகையில் இல்லை, அதற்கு முந்தைய காத்திருப்பில் இருக்கிறது. உப்பும் பழுப்புச் சர்க்கரையும் கரைத்த நீரில் ஊறிய துண்டங்களைக் கழுவித் துடைத்து, கம்பித் தட்டில் தோல் கீழிருக்கப் பரப்பி, காற்று படும்படி விட்டுவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் ஈரம் வற்றி, செஞ்சதையின் மேல் மெல்லிய படலம் கட்டுகிறது. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாது, ஆனால் லேசாகப் பிசுபிசுக்கும். வெளிச்சத்தில் அரக்குப் பூசியதுபோல் மின்னும். புகை வந்து படிவது இந்தப் படலத்தில்தான். அவசரப்பட்டு ஈரத்தோடு அடுக்கினால் புகை சரியாகப் பிடிக்காது. சூட்டை ஒரேயடியாக ஏற்றினாலோ, வெள்ளைப் புரதம் திட்டுத்திட்டாக வெளியே கசிந்து துண்டத்தின் முகமே கெட்டுவிடும்.

விறகு ஆல்டர் மரத்துடையது. ஸ்ப்ரூஸ் மரம் கண்ட இடமெல்லாம் நின்றாலும் அதைத் தொடமாட்டார்கள். அதன் பிசின் மீனைக் கசக்கவைக்கும். ஆல்டர் புகை மென்மையானது, மீனின் சுவையை அமுக்காது.

குளிர்காலத்துக்கென்று ஒரு பங்கு கண்ணாடி ஜாடிக்குப் போகிறது. வெறும் கொதிநீர் போதாது. பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அதில் சாவதில்லை. அழுத்தக் கலத்தில் குறைந்தது 100 நிமிடமாவது வைக்க வேண்டும். அதற்குள் முள்ளும் மெல்லும் பதத்துக்கு மென்மையாகிவிடும்.

அங்குள்ள நண்பர் யாராவது உங்களுக்காக அப்படியொரு ஜாடியைத் திறந்தால், மிளகாய்த்தூளைத் தேடாதீர்கள். முதல் துண்டையாவது அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.